வரலட்சுமி அனுப்பிய புகார்கள்

– ஏனம்மணி, பூராவும் வெறும் கேள்விக்குறியா இருக்குது? மில்லுப் பொண்ணுக தமிழ்லதான அடிச்சாங்க?

– தமிழ்லதானுங்க சார். இந்தப் புகார் ஆப்பை எனக்கு முன்னால செஞ்சவங்க, சேமிக்கிற எடத்துல இங்கிலீஷ் எழுத்து மட்டும் ஏத்துக்கற மாதிரி வெச்சுட்டாங்க. தமிழ் எழுத்து வந்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுருச்சுங்க.

– யூனிகோடுன்னு என்னமோ சொல்றாங்களே, அதுக்கு மாத்திப்போட்டா வந்துராதா?

– எழுத்து வேற உருவத்துல கெடந்தா மாத்தலாங்க. இங்க எழுத்தே இல்லைங்க சார். 'அ'வும் கேள்விக்குறிதான், 'ழ'வும் கேள்விக்குறிதான். எதை வெச்சுப் பிரிக்கிறது?

– நஸ்ரியா கண்ணு, அப்படிச் சொல்லாதே. வரலட்சுமி ஹாஸ்டல் மாடியிலிருந்து உழுந்து செத்ததுலருந்து அவங்கப்பன் அன்னூர்லருந்து தெனம் வந்து மில்லு கேட்டுல நிக்கறான். எம்புள்ள என்ன புகார் எழுதுனான்னு காட்டுங்கறான். மேனேஜர்னு நான் என்னத்தச் சொல்ல?

– என்கிட்டயும் கேட்டாருங்க. மூஞ்சியப் பாக்க முடியலைங்க சார்.

– பேக்கப்பு கீக்கப்பு?

– அதுலயும் இதேதானுங்க.

– அவ போனு?

– உழுந்ததுல நொறுங்கிப்போச்சுங்களாம்.

– பெங்களூர்லருந்து பெரிய ஆளுக யாராச்சும் வந்தா?

– ஆரு வந்தாலும் முடியாதுங்க. போனது போனதுதான்.

– நல்லாப் பாத்துப்போட்டியா?

– ஒவ்வொரு வரியாப் பாத்தேனுங்க. வரலட்சுமி நம்பர்லருந்து வாரம் தவறாம வந்திருக்குதுங்க சார். யாரும் ஒரு பதில் போடலை. படிச்சுட்டுத்தான் கம்முனு இருக்கறோம்னு நெனச்சிருப்பா, பாவம்.

– ச்சே.

– கடைசியா அனுப்புனது மட்டும் நிக்குதுங்க. தமிழையே இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்கா. அது அழியலைங்க.

– என்ன எழுதிருக்கா?

– நீங்களே பாருங்க சார்.

– கண்ணாடி கார்ல இருக்குது. படி.

– "சூப்பர்வைசர் மறுபடியும் ரூமுக்கு வந்தாருங்க. மேனேஜர் சார்கிட்டச் சொன்னேன். வேலை வேணும்னா வாய மூடிட்டு இருன்னுட்டாரு. நான் எங்க போறது?"

– அந்தக் கதவச் சாத்து.

– உங்ககிட்டச் சொல்லிருந்தாளுங்களா சார்?

– இதை வேற ஆருக்காச்சும் காட்டுனியா கண்ணு?

– இன்னும் இல்லீங்க.

– அப்ப அதையும் கேள்விக்குறியா மாத்திப்போடு.