குறைக்குக் கட்டம் இல்லை

அந்த ஸ்விட்ச் இல்லம்மா, அதுக்குப் பக்கத்துது. ம், அதான். முதல்ல இருக்கறது எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது, போட்டா ஒண்ணும் எரியாது. உள்ள வாங்க. உங்க வீட்டுக்காரர் வண்டிய நிறுத்திட்டு மெதுவா வரட்டும், இந்தத் தெருவுல இடம் கெடைக்கக் கால் மணி நேரமாவது ஆகும். அது எங்க ஆபீஸ்லேர்ந்து வந்த மெயில்ல இருக்காது. மெயில்ல என்னதான் போட்டிருக்கு? படிங்க பாப்போம். விசாலமான ஹால், நல்ல வெளிச்சம், சத்தமே இல்லாத அமைதியான வீடு. சரி. அதுக்குக் கீழ என் போட்டோ, பல்லக் காட்டிட்டு. உங்களுக்காக நானே தேடி எடுத்த வீடுன்னு. அதுல ஒரு எழுத்துகூட நான் எழுதலம்மா.

சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன். இருங்க, இந்த ஜன்னலத் தெறந்து விடறேன். இழுக்கக் கூடாது, லேசாத் தூக்கித் தள்ளணும். பாத்தீங்களா.

முன்னாடியெல்லாம் நான்தான் எழுதுவேன். திங்கக்கிழமை காலைல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் மெயில்தான். ஒவ்வொரு பார்ட்டிக்கும் தனித்தனியா. முட்டி வலிக்காரருக்கு லிஃப்ட் இல்லாத வீட்ட அனுப்ப மாட்டேன். கொழந்தைக்கு இளைப்பு இருந்தா மரக்கடைப் பக்கம் இருக்கறத அனுப்ப மாட்டேன். கடைசில ஒரு வரி கட்டாயம் இருக்கும். குறைன்னு போட்டு, அந்த வீட்ல என்ன குறையோ அத எழுதிடுவேன். குறை: பாத்ரூம் கதவு மழைக்கு உப்பிக்கும். குறை: மாடி வீட்டுக்காரர் விடியக்காலைல நாற்காலிய இழுப்பார், ஏன்னு கேட்டா சண்டைக்கு வருவார். ஆபீஸ்ல என்னையக் குறைக்காரின்னே கூப்புடுவாங்க. கூப்புடட்டுமே. அந்த ஒரு வரிக்காகத்தான் ஜனங்க என் மெயிலத் தெறந்தாங்க. குறையச் சொல்லிட்டா மிச்சத்த நம்புவாங்கம்மா.

போன வருஷம் மாத்திட்டாங்க. மேனேஜர் எல்லாரையும் உக்கார வெச்சு, இனிமே நீங்க யாரும் மெயில் எழுத வேண்டாம், சிஸ்டமே போட்டோவப் பாத்து எழுதிக்கும், யாருக்கு எது பொருந்தும்னு அதுவே பாத்து அனுப்பிடும்னார். எல்லாரும் கை தட்டினாங்க. நான் கையத் தூக்கி, குறைய எங்க சார் எழுதறதுன்னு கேட்டேன். ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்லம்மான்னார். ஒரே சிரிப்பு. சரி, இதர வசதிகள்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல நைசா எழுதிப் பாத்தேன். மழைக்கு வாசல்ல தண்ணி நிக்கும்னு எழுதினா, தண்ணி வசதி உண்டுன்னு மாத்தி அனுப்பிடுச்சு. என்னத்தச் சொல்ல!

முட்டி வலின்னு சொன்னேனே, அந்த வாத்தியார் போன் பண்ணிட்டார். ஏம்மா, மூணாவது மாடியில, படிக்கட்டோட ஒரு வீட்ட எனக்காகவே தேடி எடுத்தியாமே, என் மேல உனக்கு என்னம்மா கோவம்னு. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. நான் அனுப்பலன்னா நம்பணுமே. என் பேரு இருக்கு, மூஞ்சி இருக்கு.

நாற்காலி ஒண்ணுதான் இருக்கு, நீங்க உக்காருங்க. நான் நின்னுக்கறேன், பழக்கம்தான்.

இன்னொண்ணு வெச்சிருக்காங்கம்மா அதுல. கம்ப்யூட்டர்ல வலது பக்கம் ஒரு பட்டியல். யார் எந்த மெயிலத் தெறந்தாங்க, எத்தன தடவ பாத்தாங்க, என்ன மாதிரி வீடு தேடறாங்க, எல்லாம் அதுல ஓடிட்டே இருக்கும். ஆமா, நீங்க பாத்ததும் தெரியும். பதினோரு தடவ பாத்திருக்கீங்க, சமையக்கட்டு போட்டோவத்தான் அதிகமா. பாத்தீங்களா, கூச்சமா இருக்குல்ல? அதான் நான் அந்தப் பக்கமே போகல. அடுத்தவங்க ஜன்னல்ல எட்டிப் பாக்கற பொழப்பு நமக்கு வேண்டாம்னு அத மூடியே வெச்சிருந்தேன். மத்தவங்கல்லாம் காலைல வந்ததும் மொதல்ல அதத்தான் பாப்பாங்க. நான் ரொம்ப யோக்கியம், பாக்க மாட்டேன். பெரும வேற அதுல எனக்கு.

மூணு மாசத்துக்கு முன்னாடி, ஒரு நாள் மேனேஜர் கூப்புட்டு, எல்லார் முன்னாடியும் வாழ்த்துகள்னார். எதுக்கு சார்னேன். உங்க பழைய லிஸ்ட்ல இருந்த ஒரு பார்ட்டிக்கு, நீங்க சுண்டு வெரலக்கூட அசைக்காம, மெயில் மூலமாவே வீடு அமைஞ்சிருக்கு, இதுக்குத்தான் சிஸ்டம் வேணும்னு சொன்னேன், கைதட்டுங்கன்னார். தட்டினாங்க. நானும் தட்டினேன்மா.

அப்புறம்தான் போய் அந்தப் பட்டியலத் தெறந்தேன். வருஷக் கணக்கா எந்த மெயிலையும் தொடாத பார்ட்டி. ஆறு மாசமா ஒண்ணு விடாமத் தெறந்திருக்கார். மத்தியானம் சாப்புடற நேரத்துல. தேடினது ஒத்த பெட்ரூம், உடனே குடி போற மாதிரி. சிஸ்டம் வாராவாரம் அனுப்பியிருக்கு. இருபத்தாறு மெயில்மா. ஒவ்வொண்ணுலயும் நான் சிரிச்சிட்டு, உங்களுக்காக நானே தேடி எடுத்தேன்னு சொல்லிட்டிருக்கேன். கடைசி மெயில்ல மூணாவதா இருந்த வீட்ட எடுத்துக்கிட்டார். எனக்கு அந்த வீடு தெரியும். குறை நெறைய இருக்கு. ஹால்ல வெயிலே வராது. நான் எழுதியிருந்தா எடுத்திருக்க மாட்டார்.

யாரா? பதினாலு வருஷத்துக்கு முன்னாடி, நான் வேலைக்குச் சேந்த புதுசுல வீடு தேடி வந்தவர். எந்த வீட்டக் காமிச்சாலும் குறை என்னன்னு கேப்பார். அந்த வரியே அவருக்காக எழுத ஆரம்பிச்சதுதான். கடைசில இந்த வீட்டக் காமிச்சேன். பிடிச்சிருக்கு, ஆனா தனியா இருக்கப் பெரிசா இருக்கேன்னார். அப்புறம் ரெண்டு பேருமா குடி வந்தோம்.

அய்யோ, எழுந்திருக்காதீங்க. இதுல என்ன இருக்கு. ஸ்விட்ச், ஜன்னல் எல்லாம் இவ்ளோ தெரிஞ்சு வெச்சிருக்காளேன்னு நீங்க நெனச்சிருப்பீங்க. பொருளெல்லாம் எங்க அக்கா வீட்டுக்குப் போயாச்சு, இந்த நாற்காலி மட்டும் யாருதுன்னு முடிவாகல. ரெண்டு பேர் பேருலயும் இருக்கற வீடு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத்தான் விக்கறோம், அதுல ஒரு வில்லங்கமும் வராது, பயப்படாதீங்க. அவர் பேர லிஸ்ட்லேர்ந்து என்னால எடுக்கவும் முடியாதாம். வேண்டாம்னு அவரேதான் பட்டன அழுத்தணுமாம், அவரும் அழுத்தல. அதனால நேத்து உங்களுக்கு வந்த இதே மெயில் அவருக்கும் போயிருக்கு. தெறந்து பாத்திருக்கார். நாலு நிமிஷம். இப்பல்லாம் காலைல வந்ததும் மொதல்ல அந்தப் பட்டியலத்தான் பாக்கறேன்.

படிக்கட்டுல செருப்புச் சத்தம் கேக்குது, உங்க வீட்டுக்காரராத்தான் இருக்கும். அவர் வந்ததும் சமையக்கட்டக் காமிக்கறேன். குறையா? கேட்டுட்டீங்கல்ல, சொல்லிடறேன். அமைதியான வீடுன்னு போட்டிருக்கே, அதான்மா குறை. சுவர் ரொம்ப கனம். அந்த ரூம்ல ஒரு ஆள் போன்ல வீடு பேசி முடிச்சாலும், இந்த ரூம்ல இருக்கறவளுக்கு ஒண்ணும் கேக்காது.