ஓசிப் பிளாட்டினம்

தேநீரில் ஏடு படிந்துவிட்டால் எனக்குக் குடிக்க வராது. கோப்பையைத் தொடாமல் வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். உங்கள்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். அந்தக் கோப்பையை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

என் வேலையிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும். காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து மின்சாரம் தரும் பேட்டரிகள் உண்டு. சார்ஜ் ஏற்றும்போது ஆக்சிஜனைத் திருப்பி வெளியே விடும். மூச்சு வாங்கி மூச்சு விடுகிற பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூச்சு திணறாமல் நடக்க ஒரு வினையூக்கி வேண்டும். பிளாட்டினம் பிரமாதமாகச் செய்யும்; விலைதான் யானை விலை. மலிவான இரும்பைக் கரியின்மேல் ஏற்றி அதே வேலையை வாங்கப் பார்ப்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் பிழைப்பு.

இரும்பும் நைட்ரஜனும் ஒன்றாக, சல்லிசாகக் கிடைக்கும் இடம் ரத்தம். இறைச்சிக்கூடத்திலிருந்து வாளியில் வரும். காயவைத்து, கரித்தூளோடு அரைத்து, உலையில் சுடுவோம். மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். எனக்கு ஒன்றும் செய்யாது. உலையிலிருந்து எடுக்கும்போது அது வெறும் கறுப்புப் பொடி. நாற்றம் இல்லை, பிசுபிசுப்பு இல்லை. போதுமான சூட்டில் வைத்தால் எதுவும் சுத்தமாகிவிடும். மனிதர்களை அப்படி வைக்க முடியாது.

அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். அம்மா போனபின் என்னை வளர்த்தவள் அவள். சாயப்பட்டறையில் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தாள். அந்தப் புகையில்தான் நுரையீரல் போயிற்று. இதை நான் மறுத்ததே இல்லை. கடைசியில் கூடத்துக் கட்டிலோடு ஆகிவிட்டாள். மூக்கில் குழாய், கட்டிலடியில் ஆக்சிஜன் மெஷின், தலைமாட்டில் ஒரு கிண்ணம். காறித் துப்பிவிட்டுக் கிண்ணத்தை உற்றுப் பார்ப்பாள். பிறகு என்னைக் கூப்பிடுவாள்.

"இங்க வந்து பாருடி. இன்னிக்குப் பச்சையா இருக்கு."

"டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம்க்கா."

"உன் மூக்கை வெறுங்கையால சிந்தி விட்டவடி நான். வாளி வாளியா ரத்தம் கிண்டுறவளுக்குச் சளியைப் பார்த்தா என்ன பவிசு?"

கிண்ணம் கழுவ வேலைக்கு வைத்த பெண் சொல்லாமல் நின்றுவிட்டாள். நான் கையுறைமேல் கையுறை போட்டுக் கழுவினேன். கழுவிய பிறகும் விளிம்பில் ஒரு வழவழப்பு இருக்கும். நான் சாப்பிட உட்கார்ந்தால், வாயைத் துடைத்த கையாலேயே பிசைந்து, "ஒரு வாய் வாங்கிக்கோ" என்று நீட்டுவாள். வாங்கிக்கொள்வேன். குளியலறைக்குப் போய்த் துப்புவேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக ஒரு பெண் இருக்கிறாள். எதற்கெடுத்தாலும் "எனக்கு ஒரு சந்தேகம் மேடம்" என்பதால் அவளுக்குச் 'சந்தேகம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பொடியைப் பூசிய எங்கள் கரித்தகடுகள் பிளாட்டினத்துக்குச் சமமாக வேலை செய்கின்றன என்று பாராட்டு குவிந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் வந்து நின்றாள்.

"தகட்டுல கரண்ட் ஓட்டிப் பழக்கறப்ப எதிர்முனையில பிளாட்டினக் கம்பிதானே போடுறோம் மேடம்? அதை எடுத்துட்டு கார்பன் குச்சி போட்டுப் பார்த்தேன்."

"சரி, என்ன?"

"தகடு படுத்துடுச்சு. கம்பி கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு நம்ம தகட்டுல வந்து ஒட்டியிருக்கு. நம்ம இரும்பு வேலையே செய்யல மேடம். பிளாட்டினம்தான் ஓசில வந்து உட்கார்ந்து செஞ்சிருக்கு."

அவளே சிரித்துவிட்டாள். நான் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தேன். என் சுத்தமான பொடியின்மேல் இன்னொன்றின் கசிவு. ஒட்டிக்கொள்வது என்றாலே எனக்கு ஆகாது.

அந்த வாரம் மின்கம்பி மாற்றும் வேலை. எங்கள் தெருவுக்குப் பகல் முழுக்க மின்சாரம் இருக்காது என்று அறிவித்திருந்தார்கள். மெஷினுக்கென்று வீட்டில் ஒரு பழைய பேட்டரி இருந்தது, நன்றாகவே ஓடும். ஆனால் அக்கா, என் தங்கச்சி காற்றிலிருந்து கரண்ட் எடுக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

"அந்த ஓட்டை டப்பாவைத் தூக்கிட்டு உன்னோடதை வைடி. நீ செஞ்சதுல மூச்சு விட்டேன்னு நாலு பேர்கிட்ட சொல்லிக்குவேன்ல."

அவளே கேட்டாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தேன். பிளாட்டினம் ஒட்டாத, சுத்தமான புதிய தகடுகள் போட்டது. மெஷின் கொஞ்ச நேரம் ஓடும் என்று தெரியும். கொஞ்ச நேரம்தான் ஓடும் என்றும் தெரியும். பழையதை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். வீட்டுக் கூடத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் இருந்திருக்க வேண்டுமே என்று கேட்கிறீர்கள். இருந்தது. அதையும் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். சோதனைக் கரைசலில் ஆக்சிஜனைக் குமிழ்விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துச் சிலிண்டர் காலி. கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் புதிது வந்திருக்கும். கேட்கவில்லை.

'சந்தேகம்' செய்த அதே சோதனையை நானே செய்து பார்த்தேன். அக்காவின் ஆக்சிஜன் கண்ணாடிக் குடுவைக்குள் பொடிப்பொடியாக மேலேறி உடைந்துகொண்டிருந்தது. அழகான காட்சி. கைபேசி அடித்தது. 'சந்தேகம்' எட்டிப் பார்த்தாள்.

"மேடம், அக்கான்னு வருது."

"அடிக்கட்டும்."

நின்றது. மறுபடி அடித்தது. அக்கா உடனே பேசமாட்டாள், முதலில் இருமுவாள். அந்த ஈரம் காதுக்குள் வரும். கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு அடிக்கவில்லை. தகடும் படுத்துவிட்டது.

மின்சாரம் போகும், பேட்டரி நிற்கும், சிலிண்டர் இல்லை, அவளால் வாசல்வரைகூட நடக்க முடியாது. நான்கும் எனக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொலை என்று எழுதும்முன் ஒன்றை யோசியுங்கள். நான் அவள்மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை. அவளைத் தொட முடிந்திருந்தால் இதெல்லாம் எதற்கு?