மூன்றாம் எண்ணை அமுக்கியவன்

இப்போதெல்லாம் யாரும் எதையும் முழுசாகக் கேட்பதில்லை. நான் "சாப்பிட்டீங்களா" என்று கேட்க வாயைத் திறந்தால், பாதியிலேயே "ஆச்சு, ஆச்சு" என்று நடையைக் கட்டுகிறார்கள். பிரசங்கம் தொடங்கினால் கோயிலுக்கு வெளியே போய் வண்டிமேல் சாய்ந்து நின்றுகொள்கிறார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் போனில் கை கூப்பிய படம் ஒன்றைத் தட்டிவிட்டு வடாபாவ் தின்னப் போய்விடுகிறார்கள். இதை முதலில் எழுதுங்கள், ஈனிட் டீச்சர். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

என் பெயர் லூர்துசாமி. வயது எழுபத்து நாலு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. குடியிருப்பது விஷ்ராந்த்வாடி. வெடிமருந்து செய்கிற ஆர்டினன்ஸ் ஃபேக்டரி வாசலில் முப்பத்தோரு வருஷம் நின்று, உள்ளே போகிறவர்களின் சட்டைப்பையைத் தடவி பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கிவைக்கிற வேலை பார்த்தவன். "என்கிட்ட ஒண்ணுமில்லே" என்று முந்திக்கொண்டு சொன்னவனிடம்தான் எப்போதும் இருந்தது. அதனால் யாரையும் நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. நம் சர்ச்சின் பங்குப் பேரவைச் செயலாளர் என்ற முறையில் நீங்கள், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறீர்கள். எழுதுவது நான் சொன்னதுதானா என்று எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவேன்.

போன வருஷம் அம்ருதா என்ற மராட்டிப் பெண் என்னைத் தேடி வந்தாள். ஆளந்தி ரோட்டில் மிசல் விற்கிற டிபன் கடைக்கு மேல்மாடியில் அவள் ஆபீஸ். பெரிய போன் வாங்க முடியாதவர்களுக்காக, சாதாரண பட்டன் போனிலேயே ஓடுகிற ஒரு ஆப் செய்கிறார்கள். பேசும் நோட்டீஸ் போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுச் செய்தி வந்தால் போன் இரண்டு தடவை மணியடிக்கும். பச்சைப் பட்டனை அமுக்கினால் ஒரு குரல் செய்தியைச் சொல்லும். மராட்டிக்கு ஒரு குரல், இந்திக்கு ஒரு குரல், நம் பங்கின் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு குரல். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. பெரியவர்களுக்குக் கண் தெரியாது. இரண்டு கூட்டத்துக்கும் காது இருக்கிறது என்பது அவள் கணக்கு.

தமிழ்க் குரலுக்கு என்னையும் மனுவேலையும் பேசவைத்துப் பார்த்தாள். மனுவேல் என் சிநேகிதன், கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. "நாளை தண்ணீர் வராது" என்பதைக்கூட அவன் ராகம் போட்டு இழுத்தான். என்னை எடுத்துக்கொண்டாள்.

"காகா, உங்க குரல்ல போலீஸ் மாதிரி ஒண்ணு இருக்கு. கேட்டா மனுஷன் நின்னுடுவான்" என்றாள். காகா என்றால் சித்தப்பா. அவள் சொன்னது இந்தியில். நான் தமிழில் தருகிறேன்.

செய்தியை முழுசாகப் பேசவிடவில்லை. என் குரலைத் துண்டு துண்டாக வாங்கினார்கள். பங்கிலுள்ள பெரியவர்கள் எல்லாருடைய பெயரும் ஒவ்வொரு துண்டு. கிழமைகள், மணிகள், இடங்கள். பிறகு "அவர்களுக்குத் திருமணம்" ஒரு துண்டு, "அவர்கள் காலமானார்" ஒரு துண்டு, "பிறந்திருக்கிறார், தாயும் சேயும் நலம்" ஒரு துண்டு. மெஷின் அதையெல்லாம் கோத்துக்கொள்ளும். யார் பெயரை எதோடு கோக்க வேண்டும் என்பதை நான் என் போனிலிருந்தே சொல்லலாம். ஒன்றை அமுக்கினால் தண்ணீர். இரண்டு, கல்யாணம். மூன்று, சாவு. நான்கு, பிறப்பு. அதன்பின் அவரவர் பங்குக் கார்டு எண், கடைசியில் இடத்துக்கும் மணிக்கும் ஒவ்வொரு எண். அவ்வளவுதான். ஒரு மனிதன் காலமாக ஐந்து வினாடி போதும்.

இந்த மாதம் முதல் தேதி அம்ருதா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தாள். டீ கொடுத்தாலே எனக்குச் சந்தேகம்.

"காகா, தமிழை யாரும் கடைசி வரைக்கும் கேக்கறதில்லே. பாதியில வெச்சிடறாங்க. இந்த மாசம் முடியறதுக்குள்ள ஐயாயிரம் தடவை முழுசா கேட்டிருக்கணும். இல்லேன்னா தமிழை மூடிடுவாங்க. என்னையும் ரஞ்சன்காவ்ல ஃபேக்டரி பஸ் டைம் சொல்ற ஆப்புக்குத் தூக்கிடுவாங்க."

"யாரு வெக்கறது பாதியில?"

அவள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். அதில் எல்லார் பெயரும் இருந்தது. யார் எத்தனை வினாடி கேட்டார்கள் என்றும் இருந்தது. என் தண்ணீர்ச் செய்தி மொத்தம் பதினெட்டு வினாடி. நம் பங்கு மெர்வின் நான்கு வினாடி கேட்டிருந்தான். என் சிநேகிதன் மனுவேல், தினம் சாயங்காலம் என்னோடு டீ குடித்தபடி "கேட்டேன்டா, பிரமாதம்" என்று சொல்கிறவன், இரண்டு வினாடி. எனக்குக் கோபம் வரவில்லை. வாசலில் நின்ற காலத்தில் இதைவிடப் பெரிய தீப்பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பட்டியலை மட்டும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன்.

மூன்றாம் தேதி அந்தோணியம்மாள் காலமானார். அவர் நிஜமாகவே காலமானவர், தொண்ணூற்றொரு வயது, அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. வழக்கம்போல் மூன்றை அமுக்கி அவர் எண்ணைப் போட்டேன். மறுநாள் அம்ருதா போன் செய்தாள். முந்நூறு பேர் கடைசிவரை கேட்டார்களாம். சாவுச் செய்தியில் அடக்கம் எங்கே, எத்தனை மணிக்கு என்பது கடைசியில்தான் வரும். அதற்காகக் காத்திருக்கிறார்கள். நான் இதில் எதையும் கண்டுபிடிக்கவில்லை, டீச்சர். ஜனங்கள் எதைக் கேட்பார்கள் என்பதை ஜனங்களே காட்டினார்கள்.

ஆறாம் தேதி மெர்வின் காலமானான்.

அப்போது அவன் வீட்டில் பனியனோடு நின்று பாங்கடா மீன் பொரித்துக்கொண்டிருந்தானாம். அறுபது பேர் வந்தார்கள். ஆகுர்டியிலிருந்து அவன் அண்ணன் டெக்ஸ்டர் ரோஜா மாலையோடு வந்தான். ஒரு ஃபிரிட்ஜுக்காக ஒன்பது வருஷம் பேச்சில்லாமல் இருந்தவர்கள். கூட்டத்தோடு நானும் போயிருந்தேன். போகாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது.

"யாருடா சொன்னது நான் செத்துட்டேன்னு?" என்றான் மெர்வின், கையில் கரண்டியோடு.

"நோட்டீஸ்ல வந்துச்சு."

"நான் நிக்கிறேன்ல முன்னாடி?"

"உன்கிட்ட இதுதான்டா. எதைச் சொன்னாலும் ஒத்துக்க மாட்டே" என்று டெக்ஸ்டர் மாலையை அவன் கழுத்திலேயே போட்டுவிட்டு அழுதான். பிறகு இரண்டு பேரும் அந்த மீனைச் சாப்பிட்டார்கள். ஒன்பது வருஷம் சாமியார்களும் நீங்களும் பேசிப் பார்த்தும் நடக்காதது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தவறைத் திருத்த வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் "உயிரோடு இருக்கிறார்" என்ற துண்டை யாரும் என்னிடம் வாங்கி வைக்கவில்லை. அப்படி ஒரு செய்தி தேவைப்படும் என்று அந்த ஆபீசில் ஒருவருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. இருப்பதில் கிட்டத்தில் வருவது நான்காம் எண்தான். அதனால் எட்டாம் தேதி, "மெர்வின் பிறந்திருக்கிறார், தாயும் சேயும் நலம்" என்று போனது. அவன் தாய் போய் இருபது வருஷம் ஆகிறது. இருந்தாலும் அதையும் இருநூற்று நாற்பது பேர் முழுசாகக் கேட்டார்கள்.

எல்லாரும் மெஷினைத் திட்டினார்கள். மெஷினும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஆறு பேர். ஆளைப் பொறுக்க ஒரு ஒழுங்கு வேண்டும் என்பதால் பட்டியலில் ஐந்து வினாடிக்குக் கீழே கேட்டவர்களிலிருந்து மட்டும் எடுத்தேன். யார்மேலும் எனக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது. பொது நன்மைக்காகச் செய்தது. ஒவ்வொருவரையும் இரண்டு நாள் கழித்து முறையாகப் பிறக்கவும் வைத்தேன். யாரையும் அப்படியே விட்டுவிடவில்லை.

நடுவில் அம்ருதா கவலையோடு கூப்பிட்டாள்.

"அரே காகா, உங்க ஆளுங்களுக்கு என்ன ஆச்சு? ஏதாவது காய்ச்சலா? டாக்டரை வரச்சொல்லட்டா?"

"வயசாச்சும்மா. வேறொண்ணுமில்லே."

"ஆனா பிறப்பும் நல்லா இருக்கு" என்றாள், கொஞ்சம் தேறி. "எங்க முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். மராட்டிக் குரல், இந்திக் குரல் எல்லாரையும் உங்ககிட்ட வந்து கத்துக்கச் சொல்றார்."

யார் வந்து கேட்டாலும் சொல்லித் தரக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அவர்கள் எப்படிப்பட்டவர்களோ.

சின்னம்மா வந்தது அந்த வாரம்தான். அவள் வீடு எனக்கு நாலு வாசல் தள்ளி. குடையை மடக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"ஏண்ணே, எல்லாருக்கும் வருது. எனக்கு எப்போ வரும்?"

"என்ன எப்போ வரும்?"

"அந்த நோட்டீஸ்தான். மெர்வினுக்கு எத்தனை பேரு வந்தாங்க. எனக்கு என்ன கொறைச்சல்? என் மருமகளுங்க ரெண்டு பேரும் எப்படி அழுவுறாளுங்கன்னு ஒருதரம் பார்த்துட்டேன்னா போதும். ஆனா நாலு மணின்னு போட்டுடாதீங்க. வேலைக்குப் போறவங்க வரணும். ஆறரை வையுங்க."

"அது மெஷின் செய்யுறது, சின்னம்மா. என் கையில ஒண்ணுமில்லே."

"மெஷின்கிட்டதான் சொல்லி வையுங்களேன்."

என்னால் அவளுக்கு உதவ முடியவில்லை. பட்டியலைப் பார்த்தேன். சின்னம்மா எல்லாச் செய்தியையும் கடைசி வினாடிவரை கேட்கிறாள். தண்ணீரைக்கூட இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். கேட்கிறவர்களைச் சாகடிக்க எனக்கு மனம் வராது.

மனுவேல் விஷயத்துக்கு வருகிறேன். இருபதாம் தேதி அவன் காலமானான். அப்போது முடிதிருத்துகிறவனிடம் உட்கார்ந்திருந்தானாம். அந்த ஆளும் நம் பங்குதான், பட்டன் போன்தான். செய்தியைக் கேட்டுவிட்டு நாற்காலியில் இருந்தவனைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு ஓடிவிட்டான். மனுவேல் ஒரு பக்கம் மீசையோடு வீட்டுக்கு வந்திருக்கிறான். பெங்களூரில் இருக்கிற அவன் மகள் ஃபேபியோலாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டுச் செருப்போடு பஸ் ஏறி, வழியெல்லாம் அழுது, மறுநாள் காலையில் வந்து இறங்கினால், அப்பா வாசலில் உட்கார்ந்து பாவ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது என்றார்கள். அதுமட்டும் எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். பஸ் பிடிப்பதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் இந்தக் காலத்தில் யார் கேட்கிறார்கள்.

நான் வருத்தப்பட்டது வேறு விஷயத்துக்கு. மறுநாள் அம்ருதாவிடம் கேட்டேன். மனுவேல் தன் சாவுச் செய்தியை எவ்வளவு நேரம் கேட்டான் தெரியுமா? இரண்டு வினாடி. தன் பெயர் வருகிறது, அதற்குப் பிறகு என்ன என்று தெரிந்துகொள்ளக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை.

அதனால் அவனை முறையாகப் பிறக்கவைத்து, இருபத்தைந்தாம் தேதி மறுபடி ஒருமுறை காலமாக்கினேன். இந்தத் தடவை நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"டேய் லூர்து, மறுபடியும் என்னைக் கொன்னுட்டாங்கடா."

"ரெண்டு வினாடி கேட்டா அப்படித்தான் ஆகும்" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது. அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நாற்பது வருஷத்தில் நான் பேசி முடித்த பிறகும் அவன் கேட்டுக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான். பிறகு நேராக உங்களிடம் வந்து சொல்லிவிட்டான்.

ஆகவே, ஆமாம். எட்டுப் பேரை ஒன்பது தடவை சாகடித்தது நான்தான். மெஷின் அல்ல. அம்ருதாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவளுக்கு இன்னும் விஷயமே தெரியாது. நீங்கள் இந்தத் தாளை அனுப்பிய பிறகுதான் தெரியும். பிறகு என் எண்ணை நிறுத்துவார்கள், அதுவும் தெரியும். என் குரலிலேயே ஒரு மன்னிப்புப் பதிவு செய்து கொடுத்தால் தமிழை மூடாமல் மனுவேல் குரலில் தொடரச் சொல்லி எழுதுவதாகச் சொன்னீர்கள். மன்னிப்புக் கேட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நாலு வினாடிக்குமேல் அதை யாரும் கேட்க மாட்டார்கள். மனுவேல் ராகத்தில் பாடினால் அதுவும் கிடையாது.

உங்கள் போன் அரை மணியாக அதிர்ந்துகொண்டே இருக்கிறது, டீச்சர். எடுக்க வேண்டாம். கடைசிப் பத்தியையும் எழுதிவிடுங்கள்.

இன்று மாதக் கடைசி. காலையில் அம்ருதாவைக் கேட்டேன். ஐயாயிரத்துக்கு இருநூற்று எழுபது குறைவதாகச் சொன்னாள். ரஞ்சன்காவுக்கு எந்த பஸ் என்று விசாரித்துவிட்டாளாம். ஒரு சாவு போட்டால் போதும். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். உங்கள் கார்டு எண் நூற்றுப் பதினெட்டு. பேரவைச் செயலாளர், ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவர். என் தண்ணீர்ச் செய்தியை நீங்கள் மூன்று வினாடி கேட்டிருக்கிறீர்கள். மூன்று. இங்கே வருவதற்கு முன் மூன்றை அமுக்கி, உங்கள் எண்ணைப் போட்டு, இடத்துக்கு நாம் உட்கார்ந்திருக்கிற இந்தப் பங்கு மண்டபத்தையும், நேரத்துக்கு ஐந்து மணியையும் கோத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஐந்து ஆகிறது. தாளைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வாசித்துப் பார்க்க இப்போது நேரமில்லை. வெளியே ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. ஒன்றல்ல, நாலைந்து இருக்கும். மாலையோடு வருகிறவர்கள் முதலில் கொஞ்சம் பயப்படுவார்கள். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருந்தால் அவர்களுக்கு வசதி.

நான் பின்வாசல் வழியாகப் போகிறேன். செய்தது தப்பு என்று எல்லாரும் சொல்கிறீர்கள். இருக்கலாம். எனக்கு அப்படிப் படவில்லை. மண்டபம் என்ற இடம் செய்தியின் கடைசித் துண்டில்தான் வருகிறது. அதோ இத்தனை பேர் தவறாமல் இங்கே வந்து இறங்குகிறார்கள் என்றால், அவர்கள் என்னை முழுசாகக் கேட்டிருக்கிறார்கள்.