ஆமா சார்

இல்லம்மா, அந்த டப்பாவ உள்ள விடமாட்டாங்க. பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்னா விடுவாங்க. அதையும் ஒண்ணொண்ணா ஒடச்சுப் பாத்துட்டுத்தான் கைல குடுப்பாங்க. உங்க புள்ளைக்குத் தூள்தான் போய்ச் சேரும். முதல் தடவையா? அழாதீங்க. இந்த பெஞ்சுல அழுது யாருக்கும் நம்பர் சீக்கிரம் வந்ததில்ல. மூணு வருஷமா வாரா வாரம் இந்த ஜெயிலுக்கு வர்றேன், எனக்குத் தெரியும்.

எனக்கா? தம்பி. மண்டைக்குள்ள ஆள் பேசுற சீக்கு, பதினெட்டு வயசுலேர்ந்து. தெருவுல எவனாவது என்னடான்னு கேட்டா எதுத்துப் பேசுவான், செமத்தியா வாங்கிட்டு வருவான். அவன் கிழிஞ்ச சட்டைய தச்சே என் மெஷின் தேஞ்சு போச்சு. அப்பறம் நான்தான் பழக்கினேன். யார் என்ன கேட்டாலும் ஆமா சார்னு சொல்லிடுடா, விட்டுடுவாங்கன்னு. தினம் காலைல எதிர்ல ஒக்கார வச்சுக் கேள்வி கேப்பேன். ஆமா சார்னா ஒரு பிஸ்கட். கப்புனு புடிச்சுக்கிட்டான். டிக்கெட் எடுத்தியான்னு கண்டக்டர் கேட்டா ஆமா சார். நீ கழுதையாடான்னா அதுக்கும் ஆமா சார். தெருவே சிரிக்கும். சிரிக்கட்டுமே, அடி நின்னுச்சுல்ல?

எங்கப்பா மாடிப்படில உருண்டு செத்தாரு. நீதான் தள்ளினியாடான்னு இன்ஸ்பெக்டர் கேட்டாரு. ஆமா சார். புரிஞ்சுதான் சொல்றியான்னு ஜட்ஜ் கேட்டாரு. ஆமா சார். முடிஞ்சுது.

டாக்டர் சீட்டா? ஏன் இல்லாம? இதோ இந்தப் பைக்குள்ளதான், பதினோரு வருஷத்துச் சீட்டு. வீட்டுல வச்சா யார் கண்ணுலயாவது பட்டுடும். வக்கீல் கேட்டப்போ கரையான் அரிச்சிடுச்சுன்னுட்டேன். குடுத்திருந்தா ஆஸ்பத்திரிக்கு மாத்திருப்பாங்க. வேளாவேளைக்கு மாத்திரை, புத்தி தெளிஞ்சிடும். தெளிஞ்சா யாருக்கு ஆபத்து, சொல்லுங்க?

அவன் எங்கம்மா தள்ளினான்? கீழ நின்னு வாயப் பொளந்து பாத்துட்டிருந்தான். எனக்கு எப்படித் தெரியுமா? தள்ளினவளுக்குத் தெரியாதா? டீ ஆறிப்போச்சுன்னு டம்ளர என் மூஞ்சில எறிஞ்சாரு. ஒரே தள்ளு.

ஏன் நகர்றீங்க? ஒக்காருங்க. யார்கிட்ட வேணா சொல்லுங்க, வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டது அவன்.

பிஸ்கட்டா? அது பழக்கம் விட்டுப்போகக் கூடாதுன்னு. வாரா வாரம் கம்பி வழியா கேப்பேன், அப்பாவத் தள்ளினது நீதானடான்னு. ஆமா சார்ம்பான், ஒரு துண்டு நீட்டுவேன். போன வாரம்தான் என் மூஞ்சியவே ரொம்ப நேரம் பாத்தான். எனக்கு பிஸ்கட் வேணாம்க்கான்னுட்டான்.

என் நம்பர்தான் கூப்பிடுறாங்க. இன்னிக்குக் கிரீம் வச்சதா வாங்கிட்டு வந்திருக்கேன்.