திங்கட்கிழமை மீட்டிங்

— மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர், அதானே ஹேமா பாப்பா? தறியிலதான் இருக்குது. வெள்ளிக்கெழமை பெங்களூருக்கு ஏத்தி உட்டுடறோம்.

— சரி லீலாக்கா. சேலை முந்தியில மட்டும் போன தடவை மாதிரி டிசைனை அடைச்சு வெக்க வேணாம். எங்க ஷோரூம்ல இப்பல்லாம் சிம்பிளாத்தான் கேக்கறாங்க.

— லீலா, முந்தியைக் கொறைச்சா சேலை மொட்டையா இருக்கும்னு அந்தம்மாகிட்ட சொல்லு.

— பாப்பா, முதலாளி என்னா சொல்றாருன்னா...

— கேட்டுச்சுக்கா. இந்த கான்ஃபரன்ஸ் போன்ல எங்கப்பா மூச்சு உடறதுகூட கேக்குது. விக்கப்போறது நாங்கதானேன்னு அவருக்குச் சொல்லுங்க.

— முதலாளி, பாப்பா வந்து...

— எனக்கும் காது நல்லாத்தான் இருக்குது லீலா.

— நல்லா இருக்குது கதை. அப்பனும் பொண்ணும் ஒரே போன்ல இருந்துகினு, நடுவுல நான் ஒருத்தி. பேஜாராப் போச்சு எனக்கு.

— இனிமே அந்தக் கஷ்டம் இல்லக்கா. அடுத்த வாரத்துலேர்ந்து ஆர்டர் பேச வேற ஆளு வருவாங்க. நான் வேலையை உட்டுட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு மஸ்கட்ல வேலை கெடைச்சிருக்குது. ரெண்டு பேரும் கெளம்பறோம்.

— என்னா பாப்பா, திடீர்னு சொல்ற?

— லீலா, திரும்பி எப்ப வருவாங்கன்னு கேளு.

— தெரியலன்னு சொல்லுங்கக்கா. போறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். அம்மா ஒரு வார்த்தை பேசணும். அவங்க வேணாம்னு சொன்ன களம்பூர் பையனைக் கட்டிகினேன்னு அன்னிக்குப் பேச்சை நிறுத்தினவங்கதான். அப்பாவாச்சும் உங்க வாயால பேசறாரு. அம்மாகிட்டேர்ந்து அதுகூட இல்ல.

— அவங்க இப்ப வந்து பாப்பா...

— கோயிலுக்குப் போயிருக்காங்க, தூங்கறாங்க, தலைவலி. எல்லாம் கேட்டுட்டேன்கா. அந்த போனுக்குத்தான் ஒயரே இல்லியே. ஆபீஸுக்குப் பின்னாலதானே வீடு? எடுத்துகினு போயி அம்மா எதிர்ல வைங்க. திட்டட்டும். நீ என் பொண்ணே இல்லன்னு சொல்லட்டும். அந்தக் கொரலைக் கேட்டுட்டுப் போயிடறேன்.

— முதலாளி, என்னால முடியலங்க. நீங்களே சொல்லுங்க.

— அவ பேச மாட்டான்னு சொல்லிடு லீலா.

— மாட்டேங்க. இத்தினி நாளு உங்களுக்காகச் சொன்ன பொய்யே எனக்குச் சோறு எறங்க உடல.

— என்னா பொய்க்கா? சரி, உடுங்க. பெத்தவளுக்கே நான் வேணாம்னு ஆயிப்போச்சு, இதுக்கு மேல என்னா கேக்கறது. வெச்சிடறேன்.

— ஹேமா. வெக்காதம்மா.

— அப்பா?

— உங்கம்மா பேச மாட்டேன்னு இல்லம்மா. அவளால பேச முடியல. நீ வீட்டை உட்டுப் போன அந்த மாசமே அவளுக்கு ஒரு பக்கம் இழுத்துகிச்சு. வாயும் போச்சு. நம்மாலதான் இப்படி ஆச்சுன்னு நீ அங்க உக்காந்துகினு அழுவியேன்னு மறைச்சிட்டேன். அவ கோவமா இருக்கான்னே நீ நெனச்சிக்கட்டும், அது தேவலாம்னு இருந்துட்டேன்.

— அய்யோ அப்பா. ஒரு வார்த்தை சொல்லலியே எனக்கு. நான் வரேன். அதுக்கு முன்னாடி போனை அம்மாகிட்ட எடுத்துகினு போங்க. ஜல்தி போங்கப்பா.

— எடுத்துகினு போக வேணாம்மா. ஒரு திங்கக்கெழமைகூட நாங்க உன்கிட்ட ஆபீஸ்லேர்ந்து பேசினது கெடையாது. உன் கொரலு அவ காதுல உழணும்னுதான் இந்த போனையே வாங்கினேன். அவ கட்டில்லதான் வெச்சிருக்கோம். நல்லா இருக்கற கையால போனைப் புடிச்சிகினு உட மாட்டேங்கறா, பேசும்மா.