விக்டோரியாக் கரை, வேற ஆறு

— ஒரே அடிக்கு மூணு கேஸா? இது என்ன அநியாயம், வக்கீலம்மா?

— கத்தாதீங்க, மெர்வ். உள்ள மாஜிஸ்திரேட் வந்தாச்சு. அடிச்சதுக்கு ஒண்ணு, காயப்படுத்தினதுக்கு ஒண்ணு, ஆயுதத்தால தாக்கினதுக்கு ஒண்ணு. போலீஸ் எல்லாத்தையும் எழுதித்தான் வைப்பாங்க, எது நிக்குதோ நிக்கட்டும்னு. ஆனா ஒரே செயலுக்கு மூணு தடவை தண்டிக்க முடியாது.

— ஆயுதமா? அட, அது படகுத் துடுப்பும்மா!

— லாய்டோட மண்டைக்கு அது தெரியலையே. பதினோரு தையல்.

— தங்கச்சி புருஷனாச்சேன்னு பார்த்து மெதுவாத்தான் அடிச்சேன். நான் போட்ட தூண்டில்ல இருந்து என் காட் மீனைக் கழட்டுறான், வக்கீலம்மா! மூணாவது தடவை!

— மீனை விடுங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். அடிக்கும்போது எங்க நின்னீங்க?

— ஆத்துப் பக்கம்தான்.

— பக்கம்னா? கரை மேலயா, தண்ணிக்குள்ளயா?

— அதுல என்ன இருக்கு?

— எல்லாமே அதுலதான் இருக்கு. நாம நிக்கிறது விக்டோரியா மாநிலம்; ஆனா மரே ஆறு முழுக்க பக்கத்து மாநிலம் நியூ சவுத் வேல்ஸோடது. நம்ம கரையோட மேல் விளிம்பு வரைக்கும் அவங்க எல்லை. தண்ணிக்குள்ள நடந்திருந்தா, அந்தக் கேஸை விசாரிக்க இந்த விக்டோரியா கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லைன்னு வாதாடலாம்.

— அட! அப்ப நான் வீட்டுக்குப் போகலாமா?

— போகலாம். அந்தப் பக்கத்துப் போலீஸ் புதுசா கேஸ் போட்டாத்தான் வம்பு. லாய்டுக்கு அடி விழுந்ததுக்கு அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இல்லை. அங்க போய் அலையவும் மாட்டேங்குறார்.

— தங்கமான மனுஷன். நான்தான் அவனை அப்பப்போ தப்பா பேசிடுறேன்.

— உங்களைப் பிடிச்சப்போ நெஞ்சு வரைக்கும் நனைஞ்சிருந்தீங்கன்னு போலீஸே எழுதியிருக்காங்க. இதைவிட நல்ல சாட்சி நமக்கு வேணாம். ஆக, தண்ணிக்குள்ள நின்னு அடிச்சீங்க. சரிதானே?

— இல்லையே. மேல, மரத்தடியில நின்னு அடிச்சேன். அவன்தான் உருண்டு ஆத்துக்குள்ள போய் விழுந்தான்.

— சரி, போச்சு. அப்ப எப்படி நனைஞ்சீங்க? அவரைத் தூக்கிவிட இறங்கினீங்களா? சொல்லுங்க, அதுவும் நமக்கு நல்லதுதான்.

— என் பேரைக் கூப்பிடுறாங்க போலிருக்கே.

— மெர்வ். எதுக்கு இறங்கினீங்க?

— போலீஸ் படகு வர்ற வரைக்கும் அமுக்கிப் பார்த்தேன், வக்கீலம்மா. அவன் தலை மேல வந்துக்கிட்டே இருந்துச்சு.