சிரிப்புச் சத்தம் கேட்கிற வீடு

சிரிப்புச் சத்தம் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்காது, டாக்டர். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சேலையூரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், எங்கள் பள்ளிக்கூடத்தில் அதிகமாகச் சிரிக்கிற வகுப்பு இந்தப் புஷ்பம் டீச்சருடைய மூன்றாம் வகுப்புதான் என்பார்கள். சத்தம் தாங்காமல் தலைமை ஆசிரியையே எத்தனையோ முறை வந்து கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்.

காலையில் போன் செய்து என் மகள் அபிகாயிலையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னீர்கள். நான் மட்டும் வந்திருக்கிறேன். அவள் எங்கே என்று வந்ததும் வராததுமாகக் கேட்டீர்கள். சொல்கிறேன். போன வாரம் முன்கூட்டிச் சொல்லாமல் அவளிடம் ரத்தம் எடுத்தீர்கள். அதில் நீங்கள் எழுதிக் கொடுத்த லித்தியம் மருந்து துளிகூட இல்லையாம். இப்படியே விட்டால் அவள் உயிருக்கே ஆபத்து, இன்றைக்கே வார்டில் சேர்க்க வேண்டும் என்கிறீர்கள். அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார் என்றும் கேட்டீர்கள். எங்கள் வீட்டில் அது எப்போதும் என் வேலைதான். ஆனால் இதை நடுவிலிருந்து சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். அவள் அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், உங்கள் மேஜை மேல் இருக்கிற காபி ஆறுகிறது பாருங்கள்.

என் வீட்டுக்காரர் ஜீவரத்தினத்தை நீங்கள் பார்த்ததில்லை. பகலில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். மற்ற நேரமெல்லாம் சர்ச்சில் பாடகர் குழுவுக்கு அவர்தான் எல்லாம். அவர் கீபோர்டில் கை வைத்தால் கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிற பெரியவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் அதற்குச் சுருதி கண்டுபிடிப்பார். நம்ம குக்கர் ஒரு சுருதி, பக்கத்து வீட்டுக் குக்கர் அரைச் சுருதி மேலே, இரண்டும் ஒரே நேரத்தில் கூவினால் இந்தத் தெரு எப்படி உருப்படும் என்று சண்டைக்குப் போகிற மாதிரி வேட்டியை மடித்துக் கட்டுவார். நானும் அபியும் வயிறு வலிக்கச் சிரிப்போம். நான் அந்த மனிதரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

பிறகு ஒரு வருஷம் அவர் படுத்துவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்தவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. குரோம்பேட்டையில் ஒரு டாக்டர் மனச்சோர்வு என்றார். அவர் கொடுத்த மாத்திரையில் எழுந்து உட்கார்ந்தார், ஆனால் நெஞ்சு படபடக்கிறது, ஏதோ நடக்கப் போகிறது என்று வீட்டுக்குள்ளேயே நடந்தார். இன்னொரு டாக்டர் அது பதற்ற நோய் என்றார். மூன்றாவதாகத்தான் கஸ்தூரிரங்கன் டாக்டரிடம் போனோம். வயதானவர். நோயாளியைவிட என்னிடம்தான் அதிகம் கேட்டார். தூக்கமே இல்லாமல், களைப்பும் இல்லாமல், பேசிக்கொண்டே இருந்த காலம் ஏதாவது உண்டா என்றார். உண்டு டாக்டர், எங்கள் வாழ்க்கையில் நல்ல நாட்களே அவைதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இருதுருவ நோய் என்று எழுதினார்.

அப்படியானால் முதல் இரண்டு பேரும் பொய்யா சொன்னார்கள் என்று நான் விடாமல் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"பொய் இல்லம்மா. இந்த வியாதிகளுக்கு நடுவுல காம்பவுண்ட் சுவர் கிடையாது. மனச்சோர்வுக்குள்ள பதற்றம் இருக்கும், பதற்றத்துக்குள்ள வேற ஒண்ணு இருக்கும். ஒண்ணோட வேஷத்துல இன்னொண்ணு வரும். காய்ச்சல் வந்தா முதல் நாளே டைபாய்டா மலேரியான்னு தெரியுதா? கூடவே இருந்து பார்த்தாத்தான் தெரியும்."

அபி விஷயத்தில் நீங்களும் ஏறக்குறைய இதையேதான் சொன்னீர்கள். நான் நன்றாகக் கவனிக்கிற மாணவி, டாக்டர். வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஒரு வியாதிக்கும் இன்னொரு வியாதிக்கும் நடுவில் சுவர் இல்லையென்றால், வியாதிக்கும் சந்தோஷத்துக்கும் நடுவில் மட்டும் சுவர் கட்டியது யார்? படித்தவர்கள் மூன்று பேர் மூன்று பெயர் வைத்த இடத்தில் நான்காவதாக நான் ஒரு பெயர் வைத்தால் என்ன குறைந்துவிடும்? கூடவே இருந்து பார்த்தவள் நான்தானே.

கஸ்தூரிரங்கன் டாக்டர் கொடுத்த லித்தியத்தில் என் வீட்டுக்காரர் குணமாகிவிட்டார். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நேரத்துக்குத் தூங்கினார், நேரத்துக்கு ஆபீஸ் போனார், கொஞ்சம் தொப்பை போட்டார். அந்த மாத்திரையில் கை லேசாக நடுங்கியதால் கீபோர்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, சர்ச்சில் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் "ம்" என்பார். அபி முதல் மார்க் வாங்கிக்கொண்டு வந்தாள், தலையைத் தடவிக் கொடுத்து அதற்கும் ஒரு "ம்". குக்கர் தன்பாட்டுக்கு விசில் அடித்துக்கொண்டு கிடந்தது. ஒரு நாள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மண்டைக்குள்ள ஒரு சந்தைக்கடை ஓடிக்கிட்டே இருந்துச்சு, புஷ்பம். இப்பத்தான் சாத்தியிருக்காங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். உனக்கு இன்னும் என்ன வேணும்?"

பாவம், வியாதி எப்படியெல்லாம் பேச வைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு என்ன வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கேம்ப் ரோடு மருந்துக் கடையில் கால்சியம் மாத்திரை கிடைக்கும். வெள்ளையாக, உருண்டையாக, பார்க்க அதே மாதிரி. எலும்புக்கும் நல்லது. காலையில் காபியோடு என் உள்ளங்கையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து என் கையில் இருப்பது என்னவென்று அவர் குனிந்து பார்த்ததில்லை. அப்படி ஒரு நம்பிக்கை. நிஜ மாத்திரையை வீணாக்கவும் இல்லை, பத்திரமாக எடுத்து வைத்தேன். ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்தால் அதற்கு முந்தைய வாரம் முழுவதும் அதையே கொடுப்பேன். ரிப்போர்ட் ஒழுங்காக வரும். கஸ்தூரிரங்கன் டாக்டர் என்னைப் பார்த்து, உங்களை மாதிரி மனைவி அமைவது பாக்கியம் என்றார். நீங்களும் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அபியின் ரிப்போர்ட்டும் ஒழுங்காகத்தான் வந்திருக்கும்.

அந்த டிசம்பரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டாயிரத்து ஐந்து. மழையில் ஊரே மிதந்தது, வேளச்சேரியில் படகு விட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் திருவிழா. கை நடுக்கம் போன இடம் தெரியவில்லை. கிறிஸ்துமஸ் கேரல் பாடும் குழுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கட்டிய வேட்டியோடு மாடிப்படியில் நின்று நாலு குரலுக்கும் அவரே பாடிக் காட்டினார். கோவளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற பாப்பாவைக் கேட்டில் நிற்க வைத்து அவள் கூவுகிற கூவலையே ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக்கு முதல் அடியாகப் போட்டார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இன்னா டீச்சரம்மா, சாரு என் கூவலையே பாட்டா போட்டுகினாரு. இனிமே சர்ச்சுல நம்ம வஞ்சிரமும் கீதுன்னு சொல்லு."

அடுத்த வாரம் அவளே கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "கண்ணு ரெண்டும் செவந்துகீது டீச்சர். மனுசன் தூங்குறாரா இல்லியா?" நான் கூடுதலாக அரைக் கிலோ மீன் வாங்கி அவளை அனுப்பி வைத்தேன். நல்லதைப் பார்த்தால் சிலருக்குப் பொறுக்காது.

கொஞ்சம் கோபமும் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒத்திகைக்கு நேரமாகிறது என்று அபியின் கையைப் பிடித்து இழுத்ததில் அவள் மணிக்கட்டு பிசகிவிட்டது. ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை, இடது கைதான், எழுதுவதற்கு ஒரு சிரமமும் இல்லை. அப்பாவுக்கு மாத்திரையைக் கூட்டச் சொல்லும்மா என்று அழுதாள். சந்தோஷத்தில் ஏற்பட்ட அவசரம் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

ஜனவரியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் தண்ணீர் நிறைந்து கிடந்தது, பறவைகள் வந்து இறங்கியிருந்தன. அவர் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு வந்தார். புஷ்பம், இவ்வளவு பெரிய பாடகர் குழுவை ஒருத்தரும் கவனிக்கவில்லையே என்றார். தண்ணீருக்குள் நடந்து போய், நடுவில் நின்று அவற்றுக்குப் பாட்டுச் சொல்லித்தர வேண்டுமாம். ஆழம் இருக்குமே என்று கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

"பேதுரு தண்ணி மேல நடக்கும்போது சந்தேகப்பட்டாரு, அதனால முழுகினாரு. எனக்குச் சந்தேகமே இல்ல, புஷ்பம்."

எவ்வளவு அழகான பேச்சு. ஒரு வருஷம் முழுக்க "ம்" மட்டும் கேட்டவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். மறுநாள் காலை அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். தக்காளி சாதம் கட்டிக் கொடுத்தேன். வாசல் வரை வந்து வழியனுப்பினேன். எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். கழுத்தளவு தண்ணீர் வந்த பிறகும் இரண்டு கையையும் தூக்கித் தாளம் போட்டுக்கொண்டே போனாராம். முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். சிரிச்சிக்கினேதான் போனாரு என்றார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அழுதேன், டாக்டர். நெஞ்சு வெடிக்க அழுதேன். நான் கல் இல்லை. கஸ்தூரிரங்கன் டாக்டர் அடக்கத்துக்கு வந்திருந்தார். ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருந்ததே, எங்கே தவறவிட்டேன் என்று கண் கலங்கினார். அந்தப் பெரியவரைத் தேற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இனி அபி. படிப்பை முடித்துச் சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் தூக்கம் போயிற்று, இரவு வேலையால் என்றார்கள். பிறகு பாத்ரூமில் போய் அழுதாள், மனச்சோர்வு என்றார்கள். பஸ்ஸில் மூச்சு முட்டுகிறது என்று பாதி வழியில் இறங்கினாள், பதற்றம் என்றார்கள். எனக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே மனப்பாடம். ரமா டாக்டர், நீங்கள் ஒருவர்தான் அவள் அப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள், அந்தப் பெருமை உங்களுக்கே. உங்கள் மாத்திரையில் பிள்ளை தேறினாள். அம்மா, இப்பத்தான் என் மூச்சு எனக்குக் கேக்குது என்று ஒரு நாள் என் மடியில் படுத்துக்கொண்டு சொன்னாள். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மறுநாள் குழம்பு எப்படியடி என்று கேட்டேன். "ம்" என்றாள்.

அதே "ம்", டாக்டர். அப்பாவிடமிருந்து அப்படியே எடுத்த மாதிரி.

ஆமாம். அவருடைய மாத்திரையையும் நான்தான் மாற்றினேன், இவளுடையதையும் நான்தான் மாற்றினேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. நீங்கள் வார்டில் வைத்துச் செய்யப் போவதைவிட நான் வீட்டில் வைத்துச் செய்தது நல்ல வைத்தியம் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. வந்து பாருங்கள், எங்கள் வீட்டில் மறுபடி குக்கருக்குச் சுருதி பார்க்கிறார்கள். பாப்பா கேட்டில் நின்று கூவினால் இவள் மாடியிலிருந்து எசப்பாட்டு பாடுகிறாள். நான் ரசித்துச் சாப்பிடுகிறேன்.

அவள் எங்கே என்று கேட்டீர்களே. காலையில் உங்கள் போன் வந்தபோது கண்ணாடி முன்னால் நின்று தலைவாரிக்கொண்டிருந்தாள். ஜனவரி ஆயிற்றே, பறவைகள் வந்திருக்குமாம். அப்பா நின்ற இடத்தில் தானும் நின்று ஒரு பாட்டுப் பாடிவிட்டு வருகிறேன் என்றாள். வார்டில் அடைத்துவிட்டால் அப்புறம் பிள்ளைக்கு ஏது வெளியே போக நேரம்? வெள்ளைச் சுடிதாருக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். தக்காளி சாதம் கட்டிக் கொடுத்தேன். பள்ளிக்கரணை வழியாகப் போகிற வேளச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் நேராக இங்கே வருகிறேன்.

ஏன் டாக்டர் எழுந்துவிட்டீர்கள்? போனில் யாரைக் கூப்பிடுகிறீர்கள்? உட்காருங்கள், பதறாதீர்கள். பஸ் திரும்புகிற வரை நின்று பார்த்தேன், பிள்ளை சிரித்துக்கொண்டேதான் போனாள்.